பழைய வங்கித் தாள்கள்: எதைத் தேடுவது, ஏன் தேடுவது?

தபால்தலை சேர்ப்போர், பழைய நாணயம் சேர்ப்போர், தீப்பெட்டிப் படம் சேர்ப்போர் என நம் குடும்பங்களிலே சேகரிப்பாளர் பலர் உண்டு. ஆனால் பழைய வங்கித் தாள்களைத் தேடிச் சேர்ப்போர் மிகச் சிலரே. அரசாங்கமும் மத்திய வங்கியும் வெளியிட்ட நாணயத்தாள்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒரு காலத்தில் தனியார் வங்கிகள் தம் பெயரிலேயே அச்சிட்டு, தம் முகாமையாளரின் கையெழுத்தோடு ஊரெங்கும் உலவவிட்ட தாள்களையே குறிப்பிடுகிறேன்.

“தனியார் வங்கி பணம் அச்சிடலாமா? அது குற்றமல்லவா?” என்று மாணவர்கள் வியப்போடு கேட்பதுண்டு. இன்று குற்றந்தான். ஆனால் 1844 ஆம் ஆண்டளவில் தொடங்கி 1884 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இலங்கையில் அதுவே வழக்கம். அந்த நாற்பது ஆண்டுகளும் நம் மலைநாட்டிலே கோப்பி வளர்ந்து, செழித்து, அழிந்த ஆண்டுகள் என்பதை நினைவிற் கொண்டால், இப்பொழுதுபோக்கு நமக்கு எத்துணை நெருக்கமானது என்பது விளங்கும்.

வங்கித் தாள் என்பது அக்காலத்திலே பணமன்று; பணம் தருவதாகக் கூறும் வாக்குறுதி. “இத்தாளைக் கொண்டுவந்து கேட்பவருக்கு இத்தனை பவுண் தருவோம்” என்பதே அதன் பொருள். தந்தால் அது பணம்; தராவிட்டால் வெறுங் காகிதம். ஆதலால் பழைய வங்கித் தாள் ஒன்றைக் கையில் எடுப்பவர், ஒரு காலத்தின் நம்பிக்கையையே கையில் எடுக்கிறார். யார் யாரை நம்பினார்கள், எதை வைத்து நம்பினார்கள், அந்த நம்பிக்கை எங்கே முறிந்தது என்னும் கேள்விகள் அத்தாளோடு ஒட்டியே வருகின்றன.

குவியலும் சேகரமும்

ஆர்வம் மிகுந்த இளைஞர் ஒருவர் கிடைத்ததையெல்லாம் வாங்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீனத் தாள், இரண்டு பர்மியத் தாள்கள், ஜெர்மனியில் விலைவாசி விண்ணை முட்டிய 1923 ஆம் ஆண்டின் தாள் ஒன்று, நம் நாட்டுப் பழைய ரூபாத் தாள் நான்கு. ஆறு மாதத்திலே பெட்டி நிறைந்துவிடும். ஆனால் விருந்தினர்க்கு அதைத் திறந்து காட்டும்போது, “இது சீனா, இது பர்மா” என்பதற்குமேற் சொல்வதற்கு ஒன்றும் இராது. அது குவியல், சேகரம் அன்று. காட்டிலே முளைத்ததெல்லாம் தோட்டமாகிவிடுமா? நிரை பிடித்து நட்டால்தானே தோட்டம்!

நிரை பிடிப்பதற்கு உதவுவதே கருப்பொருள். கருப்பொருள் என்றால் ஏதோ பெரிய தத்துவம் என்று அஞ்சவேண்டியதில்லை. ‘எந்தக் கேள்விக்கு விடை தேடி இத்தாள்களைச் சேர்க்கிறேன்?’ என்று தன்னையே கேட்டுப் பெறும் பதில்தான் அது. கேள்வி தெளிவாக இருப்பின், எதை வாங்குவது என்பதைவிட எதை வாங்காமல் விடுவது என்பது எளிதிற் புலப்படும். சேகரிப்பிலே பணம் மிச்சமாவது அங்கேதான்.

பிறநாட்டார் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு வழிகாட்டும். அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை ‘தேசிய வங்கிகள்’ எனப்பட்ட ஆயிரக்கணக்கான உள்ளூர் வங்கிகள் நாணயத்தாள் வெளியிட்டன. ஒவ்வொரு தாளிலும் வங்கியின் பெயரோடு ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டது. ஆகவே, அங்கே ஒருவர் தாம் பிறந்த ஊரின் தாள்களை மட்டும் தேடுகிறார். வேறொருவர் அதற்கு முந்திய காலத்துத் தாள்களிலே புகையிரதப் படம் உள்ளவற்றை மட்டும் தேடுகிறார். இன்னொருவர் முறிந்துபோன வங்கிகளின் தாள்களை மட்டும் தேடுகிறார். ஸ்கொத்லாந்திலும் ஹொங்கொங்கிலும் இன்றுகூட மும்மூன்று வணிக வங்கிகள் தம் பெயரில் தாள் வெளியிடுகின்றன. அங்குள்ள மாணவன் கடைக்குப் போய் மிச்சக்காசு வாங்கும்போதே சேகரிக்கத் தொடங்கிவிடலாம்.

நமக்கு அவ்வசதி இல்லை. எனினும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது.

நம் நாட்டின் வங்கித் தாள்கள்

இலங்கையிலே காகிதப் பணம் ஒல்லாந்தர் காலத்திலேயே, 1785 இல், தோன்றிவிட்டது. ஆங்கிலேயர் வந்தபின் அரசாங்கத் திறைசேரித் தாள்கள் வழங்கின. ஆனால் மலைகளிலே காடழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய முதல் திறைசேரியால் தரக்கூடியதாக இருக்கவில்லை. வங்கி தேவைப்பட்டது.

1841 இல் ‘பாங்க் ஒவ் சிலோன்’ என்ற பெயரோடு முதல் வங்கி கொழும்பிலே திறக்கப்பட்டது. இங்கே சேகரிப்பாளர் ஒன்றை நன்கு மனங்கொள்ள வேண்டும். 1939 இல் தொடங்கப்பெற்று இன்றும் நம்மூர்களிலே கிளை பரப்பி நிற்கும் இலங்கை வங்கிக்கும், அந்தப் பழைய வங்கிக்கும் பெயர் ஒற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. பழைய வங்கி தன் தாள்களை 1844 இல் வெளியிடத் தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்குள் கோப்பி விலை சரிந்த ஒரு நெருக்கடியிலே தளர்ந்து, 1849 இல் ஓரியண்டல் வங்கியோடு இணைந்து மறைந்தது. பம்பாயிலே பிறந்து, லண்டனுக்கு இடம்பெயர்ந்த அந்த ஓரியண்டல் வங்கி 1851 இல் அரச பட்டயம் பெற்று ‘ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன்’ ஆனது. கோப்பிக் காலத்தின் பெருவங்கி அதுவே.

அதனோடு போட்டியிட்டது ‘சார்ட்டட் மேர்க்கன்டைல்’ வங்கி. இதன் வழிவந்த மேர்க்கன்டைல் வங்கியையே 1959 இல் ஹொங்கொங் சங்காய் வங்கி வாங்கிற்று. ‘ஏசியாட்டிக் பாங்கிங் கோர்ப்பரேஷன்’ என்னும் மற்றொன்று சிறிது காலம் தோன்றி, 1866 இல் லண்டன் நகரைக் குலுக்கிய நிதி நெருக்கடியிலே விழுந்தது.

இனி, பெரிய வங்கி விழுந்த கதைக்கு வருவோம். கோப்பி இலையிலே செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் ஒன்று 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்டது. தொடக்கத்தில் அதை எவரும் பெரிதாகக் கருதவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்ததால் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டார்கள். வங்கிகளும் மேலும் மேலும் கடன் கொடுத்தன. நோய் மலைக்கு மலை தாவியது. எழுபதுகளின் பிற்பகுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்தாண்டுகளுக்குள் மடிந்தது. காய்க்காத தோட்டத்தை ஈடாக வைத்துக்கொண்டு வங்கி என்ன செய்யும்? 1884 மே 3 ஆந் திகதி ஓரியண்டல் வங்கி தன் கதவை அடைத்தது.

அன்று அவ்வங்கியின் தாளை வைத்திருந்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரரின் பெட்டியிலும், கச்சேரிக் குமாஸ்தாவின் சட்டைப்பையிலும், தோட்டத்துரையின் இரும்புப் பெட்டியிலும் இருந்த தாள் ஒரே பகலில் வெறுங் காகிதமாகிவிடும் நிலை. அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று துணிந்து அறிவித்தார். அச்சம் தணிந்தது. அவ்வாண்டின் 32 ஆம் இலக்க நாணயத்தாள் கட்டளைச் சட்டத்தோடு தனியார் வங்கித் தாள்களின் காலம் முடிந்தது. 1885 முதல் அரசாங்கமே 5, 10, 50, 100, 1000 ரூபாத் தாள்களை வெளியிட்டது. பாக் நீரிணைக்கு அப்பால், மதராஸ் வங்கி போன்ற மாகாண வங்கிகளின் தாள் வெளியிடும் உரிமையை இந்திய அரசாங்கம் 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கு அந்தப் பாடம் கிடைக்க ஒரு வங்கி விழ வேண்டியிருந்தது.

நால்வகைக் கருப்பொருள்

இவ்வரலாற்றை ஒருமுறை மனத்திலே பதித்துக்கொண்டால், சேகரிப்பதற்குரிய கருப்பொருள்கள் தாமே எழுந்து நிற்கும். அவற்றுள் நான்கை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, வங்கி வாரியாகச் சேர்த்தல். ஒரே வங்கியின் தாள்களை அது தோன்றிய நாள்முதல் மறைந்த நாள்வரை தேடுவது. எல்லை தெளிவாக இருப்பதால் இது கற்பதற்கு எளிது; வாங்குவதற்கோ மிகக் கடிது.

இரண்டாவது, ஊர் வாரியாகச் சேர்த்தல். வங்கித் தாள்களிலே கொழும்பு, கண்டி எனக் கிளையின் பெயர் இருப்பதுண்டு. ஊர்ப்பற்றுடையோர்க்கு இது இனிக்கும். ஆனால் நம் பகுதியினருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அட்டன் நகரிலே 1888 இல் ஒரு தனியார் வங்கி எழுந்தது. இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் மூலவேர் அதுவே. பெயரைக் கேட்டவுடன், ‘அட்டன் வங்கியின் பழைய நோட்டு ஒன்று கிடைக்குமா?’ என்று ஆசை பிறக்கும். கிடைக்காது, கிடைக்கவும் முடியாது. தனியார் தாள்களின் காலம் 1884 இலேயே முடிந்துவிட்டது. வங்கியோ நான்காண்டு கழித்துப் பிறந்தது. அத்தகைய தாளென்று எவரேனும் விற்க வந்தால், அவரைத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடலாம். வரலாறு அறிந்தவனை ஏமாற்றுவது அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாவது, பவுண் ரூபாவாக மாறிய கதை. 1872 ஜனவரி முதலாந் திகதிவரை இலங்கையிலே கணக்கு எழுதியது பவுண், ஷில்லிங், பென்ஸிலே. கையிலே புழங்கியது பெரும்பாலும் இந்திய வெள்ளி ரூபா. வழக்கத்தில் ரூபா ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் என்று மதித்தார்கள்; அதன்படி ஒரு பவுணுக்குப் பத்து ரூபா. சட்டப்படி ரூபாவே தனிநாணயமானபோதோ, ஒரு ரூபா இரண்டு ஷில்லிங் மூன்று பென்ஸ் என்று வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு பவுணுக்கு எத்தனை ரூபா, எத்தனை சதம் என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 8 ரூபா 89 சதம் அளவில் விடை வரும். பத்து ஒன்பதுக்கும் கீழே போனது ஏன் என்று சிந்திக்கத் தொடங்கினால், ஒரு பாடநூல் முழுவதும் தராத பொருளியல் அறிவை அந்தச் சிறு கணக்குத் தந்துவிடும்.

நான்காவது, ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளுதல். 1884 ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்திலே பெருவங்கி விழுந்தது. அடுத்த மாதம் புகையிரதப் பாதை அட்டனை வந்தடைந்தது. ஆண்டு முடிவதற்குள் நாணயத்தாட் சட்டம் வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்த வாசலிலே நிற்கும் ஆண்டு அது. அவ்வாண்டைச் சேர்ந்த வங்கித் தாள், பங்குப் பத்திரம், புகையிரதக் கட்டணப் பட்டியல், செய்தித்தாள் நறுக்கு என எது கிடைத்தாலும் அது சேகரத்திலே தன் இடத்திற் போய்ப் பொருந்தும்.

கைப்பணம் எவ்வளவு?

‘இவையெல்லாம் சரி, பள்ளி மாணவனால் வாங்க முடியுமா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தனியார் வங்கித் தாள்கள் மிக அரியவை. தாளைக் கொடுத்துப் பணம் பெற்றவுடன் வங்கி அத்தாளை ரத்துச் செய்துவிடும். ஆகவே நேர்மையான வங்கியின் தாள் எஞ்சுவது அருமை. இன்று ஏலங்களிலே தோன்றுவனவற்றுட் பல, அச்சகத்தார் வைத்திருந்த மாதிரித் தாள்கள், துளையிட்டு ரத்துச் செய்யப்பட்டவை, கையெழுத்தும் இலக்கமும் இடப்படாமல் எஞ்சியவை ஆகியனவே. அவற்றின் விலையும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது சேகரிப்புக்கும் பொருந்தும்.

ஆனால் கருப்பொருள் ஒன்று கையிலிருந்தால், விலை உயர்ந்த தாள் இல்லாமலே சேகரம் செய்யலாம். கொழும்பு சதாம் வீதியிலே மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவிலே கொழும்பு செல்லும்போது, மிருகக்காட்சிச்சாலைக்கு ஒதுக்கும் நேரத்திலே ஒரு மணியை அங்கே ஒதுக்கலாம். கண்ட தாளின் வங்கி, ஊர், தொகை, ஆண்டு, மொழி, கையெழுத்து ஆகிய ஆறையும் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டால், அக்குறிப்பேடே முதற் சேகரம்.

கைக்கெட்டும் விலையிற் கிடைக்கும் தாள்களிலும் அருமையான கருப்பொருள்கள் உண்டு. உலோகம் தட்டுப்பட்ட காலத்துத் தாள்கள் என்பது ஒன்று. முதலாம் உலகப்போரின்போது, 1917 இல், ஒரு ரூபாத் தாள் இங்கே வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 இல், சதங்களுக்குக்கூடத் தாள் அச்சிட வேண்டியதாயிற்று. அவற்றுள் 5 சதத் தாள் ஒரு விந்தை. நடுவே தபால்தலைக்கு உள்ளதுபோலத் துளைவரிசை இருக்கும். கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மறு துண்டு 3 சதம்! இதை வகுப்பிலே காட்டினால், போர்க்காலப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு மணிநேரம் விரிவுரை செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு கருப்பொருள் நமக்கே உரியது. 1991 முதல் வெளிவந்த வரிசையின் 100 ரூபாத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்திலே கொழுந்து பறிப்போரின் உருவம் இருக்கிறது. தோட்டத்து உழைப்பு நாணயத்தாளிலே ஏறிய காட்சி அது. தேயிலையும் தேயிலைத் தொழிலாளரும் எந்தெந்த நாட்டுத் தாள்களிலே, எந்தக் கோலத்திலே காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினால், அது ஒரு வாழ்நாள் முழுவதற்கும் போதுமான தேட்டம்.

வாக்குறுதியின் மறுபக்கம்

இனி, நான் முதன்மையாகச் சொல்ல எண்ணியதற்கு வருகிறேன். வங்கித் தாளின் பின்னே நின்றது கோப்பி. கோப்பியின் பின்னே நின்றவர் யார்? மன்னார்க் கரையிலே இறங்கி, வடபாதை வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்து, வழியிலே காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்களாய் மலையேறிய நம் முன்னோர். ஒரு பவுண் என்பது 240 பென்ஸ். நாளொன்றுக்குப் பத்துப் பென்ஸுக்கும் குறைவாகக் கூலி பெற்ற அவர்களுக்கு ஒரு பவுண் தாள் ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. ஆதலால் அத்தாள் அவர்கள் தலைக்கு மேலாகவே துரைமார் கையிலும் வணிகர் கையிலும் பறந்தது. அவர்கள் நம்பியது வெள்ளி ரூபாவை. கையிலே காசு வாயிலே தோசை என்பது பழமொழி மட்டுமன்று, அனுபவம். கோப்பி வீழ்ந்தபோது கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்ற தோட்டங்கள் பல.

வங்கி கொழும்பு வணிக நிலையத்துக்குக் கடன் கொடுத்தது. வணிக நிலையம் தோட்டத்துக்குக் கொடுத்தது. தோட்டம் பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தது. கங்காணி தொழிலாளிக்குக் கொடுத்து அவன் பெயரிலே பற்று எழுதினார். கடன் மேலிருந்து கீழே இறங்கிவந்த இந்த ஏணியிலே, மேற்படியிலே வழங்கியது வங்கித் தாள். கீழ்ப்படியிலே வழங்கியதற்கும் ஒரு தாள் உண்டு. அதற்குப் பெயர் ‘துண்டு’.

துண்டு என்பது என்ன? தேயிலைக் காலத்திலே, தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பிய கங்காணியிடம், “இவர்கள் பட்ட கடனாகிய இத்தனை ரூபாவைத் தீர்த்தால் இத்தனை ஆட்களை விடுவிப்போம்” என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. வேறொரு தோட்டம் அத்தொகையைக் கட்டினால் ஆட்கள் அங்கே செல்வர். கடனும் கூடவே செல்லும். தொழிலாளரை மீளாக் கடனிலே பிணித்த இம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வங்கித் தாள் சொன்னது: ‘இதைக் கொண்டு வருபவருக்குப் பணம் தருவோம்.’ துண்டு சொன்னது: ‘பணம் தருபவருக்கு ஆட்களைத் தருவோம்.’ இரண்டும் காகிதமே. இரண்டும் கையெழுத்திட்ட வாக்குறுதியே. ஒன்று உலகெங்கும் கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது, ஏலத்திலே விலைபோகிறது. மற்றது எங்கே? நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலே மடிந்து மக்கியும், அடுப்பு மூட்டப் பயன்பட்டும், பழங்குப்பையென்று எறியப்பட்டும் அழிந்துகொண்டிருக்கிறது.

காகிதத்தின் அருமையை மலைநாட்டாரைவிட வேறு யார் அறிவார்? 1949 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, இந்நாட்டிலே இத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் ஒரு பழஞ்சீட்டைத் தேடி அலைந்தன. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் உறவுகள் இரு கரைகளிலும் பிரிந்தபோது, எஞ்சியிருந்த சீட்டுக்களும் சிதறின. ஆகவே, நம்மவர் ஒருவர் பழந்தாள் சேர்க்க முற்பட்டால், அவருக்கு ஏற்ற கருப்பொருள் இதுவே என்பேன்: மலைநாட்டிலே யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், அதைக் காத்தார்களா? வங்கித் தாளின் படமும், துண்டும், பற்றுச்சீட்டும், சம்பளச் சீட்டும், கொழுந்து பறிப்போர் படமுள்ள நூறு ரூபாத் தாளும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். இதற்குச் செல்வம் வேண்டியதில்லை. பாட்டியிடம் பொறுமையோடு அமர்ந்து பேசும் பண்பு வேண்டும், அவ்வளவே.

காக்கும் முறை

சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். அதிலும் மூடுபனியும் அடைமழையும் மாறிமாறி வரும் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளிலே மிகக் கடினம். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். இராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும். லயத்து அடுப்புப் புகை எழுத்தை மங்கச் செய்யும். பழந்தாளைப் பசைநாடா கொண்டு ஒட்டலாகாது. சூடேற்றிப் பிளாஸ்திக்கிலே பதிக்கவும் ஆகாது. இவ்விரண்டும் தாளைக் காப்பதுபோலக் காட்டி அழிப்பவை. தாளின்மேல் மையால் எழுதுதல் கூடாது. குறிப்பை உறையின்மேல் பென்சிலால் எழுதலாம். மடிப்பைப் பிரித்துச் சமமாக்கி, நல்ல பொலியெஸ்டர் உறையிலிட்டு, சுவரையும் தரையையும் ஒட்டாத இடத்திலே வைத்து, வெயில் கண்ட நாளிலே பெட்டியை நிழலிற் திறந்து காற்றாட விடுவது போதும். இன்னார் வீட்டிலே, இன்ன தோட்டத்திலே, இன்ன ஆண்டிலே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத தாள், பெயர் தெரியாத பிணம் போன்றது. ஆதலால் குறிப்பெழுதச் சோம்பலாகாது. பிறர் வீட்டுச் சீட்டாயின் படம் பிடித்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே கொடுத்துவிடுவது அறம்.

பள்ளி விடுமுறை வருகிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தகரப் பெட்டியைப் பெரியோர் அனுமதியோடு ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வங்கித் தாளிலே கையெழுத்திட்ட முகாமையாளரின் பெயரை உலகம் காத்துவிட்டது. செக்ரோலிலே பேர் விழுந்தவர்களின் பெயரைக் காக்க வேண்டியவர்கள் நாம்.